சால்மன் மீனும் கடற்பேனும்

பேன் என்றவுடன் தலைமயிரில் ஊரும் பூச்சியே நினைவிற்கு வருதல் இயல்பு. சால்மன் மீனின் மேனியிற் பற்றி வாழும் கடற்பேனோ பூச்சியினத்தைச் சார்ந்ததன்று. இறாலும் நண்டும் அடங்கிய ஓட்டுடலிகளின் பெருவகுப்பில், துடுப்புக்காலிகள் என்னும் பிரிவினது அது. வட அத்திலாந்திக் கடலிற் காணப்படும் இனம் லெப்பியொப்தைரசு சல்மோனிசு எனப் பெயர்பெறும். டென்மார்க்கு நாட்டு விலங்கியலாளர் குரோயர் 1837ஆம் ஆண்டில் அதனை விவரித்தார்.

ஐரோப்பிய ஆறுகளில் தூண்டிலிடுவோர் இவ்வுயிரை நெடுங்காலமாக அறிவர். அவர்கள் இதனை வெறுத்திலர். கண்டு மகிழ்ந்தனர் என்றே கூறலாம். கடற்பேன் நன்னீரில் நெடுநாள் தரிக்கமாட்டாது உதிர்ந்துவிடும். ஆதலின் ஆற்றிற் பிடித்த மீனிற் பேன் காணப்படின், அது கடலிலிருந்து அண்மையில் ஏறிய புதுமீன் என்பது துணிபு. அன்று நற்சான்றாக இருந்தது இன்று பெரும் பீடையாகியது எங்ஙனம் என்பதை அறிய அதன் வாழ்க்கை முறையை நோக்குதல் வேண்டும்.

தாய்ப்பேனின் உடலிலிருந்து இரு நீண்ட முட்டைச் சரங்கள் வால்போலத் தொங்கும். ஒரு சோடிச் சரத்திற் பல நூறு முட்டைகள் உள. ஒருமுறை புணர்ந்த பெண், மீண்டும் ஆணை நாடாமலே ஒன்றன்பின் ஒன்றாகப் பல சோடிச் சரங்களை ஈனவல்லது. பொரித்து வெளிவரும் குஞ்சு நோப்பிலியசு எனப்படும். அது உணவு உண்பதில்லை; தாய் அளித்த கருவுணவே அதற்குக் கட்டுச்சோறு. இருமுறை தோலுரித்தபின் கோப்பிபோடிட்டு என்னும் பருவத்தை எய்தி, மேல்நீரை அண்டி மிதந்து, ஒளியின் மாற்றத்தாலும் நீரின் அதிர்வாலும் சால்மனின் மணத்தாலும் மீனின் வரவை உணர்கின்றது. கட்டுச்சோறு தீருமுன் மீன் அகப்படாவிடின் இறந்தொழியும். அகப்படின், தன் முன்புறத்து இழையொன்றால் தோலோடு தன்னைப் பிணித்துக்கொள்ளும். பின்னரே பிணிப்பை விட்டு மீனின் மேனியெங்கும் ஊர்ந்து, கோழையையும் தோலையும் குருதியையும் உண்ணும். இப்பருவங்கள் பத்து என்று முன்னைய நூல்கள் கூறின. எட்டே என்பது 2013ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 10 பாகை செல்சியசு வெப்பநிலையில் முட்டை முதிர்பேனாக ஏறத்தாழ 40 முதல் 50 நாள் செல்லும். வெப்பம் மிகின் காலம் குறுகும்.

இயற்கையில் இப்பெருக்கத்திற்கு ஒரு தடை இருந்தது. முதிர்ந்த சால்மன்கள் முட்டையிடுதற்கு ஆறுகளுட் புகும். ஏனையவை தொலைவிலுள்ள பெருங்கடலில் மேயும். எனவே குளிர்காலத்திற் கரையோரத்தே பேனுக்கு இடங்கொடுக்கும் மீன் அரிது. இளவேனிலில் ஆற்றைவிட்டுக் கடலேகும் இளமீன்கள் பேன் அருகிய நீரினூடே சென்றன. 1970ஆம் ஆண்டளவில் நோர்வேயின் கரையோரத்தில் மிதக்கும் கூடுகளிற் சால்மன் வளர்க்கும் முறை வேரூன்றியபோது அத்தடை நீங்கியது. ஆண்டு முழுவதும் அசையாது ஓரிடத்தில் நிற்கும் மந்தை பேனுக்குக் கிடைத்தது.

பெரிய மீனுக்குச் சில பேன்கள் பெருந்தொல்லையல்ல. 20 கிராம் அளவான இளமீனின் நிலை வேறு. கடல்நீரின் உப்புச்செறிவு மீனின் குருதியினும் ஏறக்குறைய மும்மடங்கு மிக்கது. தோல் புண்பட்டால் உடல்நீர் வெளியே கசியும்; மீன் நீரினுள்ளேயே நீர்வற்றி வருந்தும். பத்துப் பேன்கள் அளவில் ஓர் இளமீனின் உயிர் போதல் கூடும்.

பேனை ஒழிக்க முதலிற் கையாளப்பட்டவை நஞ்சுகளே. சேதனப் பொசுபரசுச் சேர்வைகள், ஐதரசன் பரவொட்சைட்டு, பைரத்திரொயிட்டுகள், உணவிற் கலந்தூட்டும் எமமெத்தின் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் சில காலம் பயன்பட்டது. தப்பிய பேன்களின் வழித்தோன்றல்களோ அந்நஞ்சுக்கு அஞ்சாதனவாயின. மேலும், பேன் இறாலின் உறவாதலின், பேனைக் கொல்லும் மருந்து கூட்டுக்கு வெளியேயுள்ள இறாலையும் தாக்கவல்லது. இதனால் மருந்தல்லாத முறைகள் பெருகின. 30 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் மீனை அரை நிமிடமளவு தோய்த்தல் அவற்றுளொன்று. பேன் உதிரும், ஆயின் மீன் நோவால் துடிக்கும். பேன் தின்னும் சிறுமீன்களைக் கூட்டினுள் விடுதல் மற்றொன்று. கேட்பதற்கு இனிதாயினும், அவ்வாறு கோடிக்கணக்கில் விடப்பட்ட சிறுமீன்களுட் பெரும்பகுதி கூடுகளிலேயே மடிந்தமையால் இதனை இரக்கமுள்ள முறையென்றல் பொருந்தாது. கூட்டின் மேற்பகுதியைச் சுற்றித் துணித்திரை கட்டுதல் இவற்றினும் அறிவுடைய செயல். மேல்நீரில் மிதக்கும் குஞ்சு உட்புகாவண்ணம் அது தடுக்கின்றது.

நோர்வேயின் சட்டம் மீனொன்றுக்குச் சராசரி 0.5 முதிர்ந்த பெண்பேனுக்கு மேல் இருத்தலாகாதென்கின்றது. இளமீன்கள் கடலேகும் வாரங்களில் வரம்பு 0.2. இவை மிகச் சிறிய எண்களாகத் தோன்றும். ஆனால் ஒரு கூட்டில் 200,000 மீன்வரை வைக்கலாம். அக்கூடு நிறைந்திருப்பின், 0.5 என்னும் வரம்பினுள்ளேயே 100,000 தாய்ப்பேன்கள் அங்கே முட்டையிடும், 0.2 என்னும் வரம்பினுள் 40,000. கூட்டிலுள்ள மீனைக் காக்கச் சராசரி போதும். கடலேகும் இளமீனுக்கோ நீரில் மிதக்கும் குஞ்சுகளின் மொத்தத் தொகையே பொருட்டு. கூடுகள் பெருகப்பெருக, ஒவ்வொரு பண்ணையும் சட்டத்தைக் காத்தபோதிலும் கடலிற் பேன் பெருகும்.

இவ்வுண்மையை ஏற்றே 2017ஆம் ஆண்டில் அந்நாட்டரசு கரையோரத்தை 13 வலயங்களாகப் பிரித்தது. இயற்கை இளமீன்கள் பேனால் எவ்வளவு மடிகின்றன என்னும் மதிப்பீட்டைக்கொண்டு வலயத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் வழங்கப்படும். பச்சையாயின் வளர்ப்பை 6 சதவீதம் கூட்டலாம்; சிவப்பாயின் 6 சதவீதம் குறைத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் மேற்குக் கரையின் இரு வலயங்களில் முதன்முறையாக வளர்ப்புக் குறைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கடலிலிருந்து மீளும் மீன்கள் மிகக் குன்றியமையால், 33 ஆறுகளிற் சால்மன் பிடித்தல் நிறுத்தப்பட்டது. அக்குறைவுக்குப் பேன் ஒன்றே காரணமன்று; எனினும் இயற்கைச் சால்மனுக்கு நேர்ந்துள்ள பெருந்தீங்குகளுள் அதனையும் ஒன்றாக அந்நாட்டு அறிவியல் ஆலோசனைக்குழு வைத்துள்ளது.