இரண்டு ஏடுகள்

அருளாளன் அல்லாஹ் மனித குலத்திற்கு வழங்கிய பேறுகளுள் எழுத்து தலையாய ஒன்றாகும். ஹிரா குகையிலே அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதல் வசனங்களிலேயே, எழுதுகோலைக் கொண்டு கற்றுக் கொடுத்தவன் என்று இறைவன் தன்னை அறிமுகம் செய்து கொள்கிறான். திருமறையின் அறுபத்தெட்டாம் அத்தியாயமோ எழுதுகோலின் மீதும், எழுதுவோர் எழுதுவனவற்றின் மீதும் ஆணையிட்டே தொடங்குகிறது. எந்தப் பொருளின் மீது இறைவன் ஆணையிடுகிறானோ, அந்தப் பொருளை மனிதன் விளையாட்டாகக் கருதலாகாது.

முற்காலத்தில் எழுதுவோர் சிலர், படிப்போர் பலர். ஒருவர் எழுதியது பிறரைச் சென்றடைய வேண்டுமாயின் ஏட்டைப் படியெடுப்போர் வேண்டும். பிற்காலத்தில் அச்சுக்கூடம் வேண்டும், பத்திராதிபரின் ஒப்புதல் வேண்டும். இன்றோ நிலை முற்றிலும் மாறிவிட்டது. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஏட்டை வைத்திருக்கிறார். மனத்தில் தோன்றியதை, இல்லத்தில் நிகழ்ந்ததை, ஊரில் கேட்டதை எழுதி, அடுத்த நொடியே உலகின் முன் வைத்துவிடுகிறார். நம் இல்லத்துப் பிள்ளைகளும் பெண்மணிகளும் கூட இவ்வாறு எழுதி வருவதை நீங்கள் அறிவீர்கள்.

இது ஆகுமா, ஆகாதா என்று வினவுவோர் உளர். கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாணற்பேனாவினால் திருமறையும் எழுதப்பட்டது; அவதூறும் எழுதப்பட்டது. கருவி புதிது, ஆனால் வினாவோ மிகப் பழையது. தன் உள்ளத்தைத் தானே எழுதிப் பிறர் முன் வைப்பவன் எதை வைக்கலாம்? எதற்காக வைக்கலாம்? எதை மறைத்தல் வேண்டும்? ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பகுதாத் மாநகரில் வாழ்ந்த முன்னோர் சிலரின் வாழ்விலே இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

ஒரு நாட்குறிப்பு

அபூ அலீ இப்னுல் பன்னா (ரஹ்) அவர்கள் ஹன்பலி மத்ஹபைச் சார்ந்த மார்க்க அறிஞர். ஹிஜ்ரி 471ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர்கள் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி திமிஷ்க் நகரத்து நூலகமொன்றில் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 460, 461ஆம் ஆண்டுகளை, அதாவது கி.பி. 1068, 1069ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது அது. ஜார்ஜ் மக்திசி என்னும் ஆய்வாளர் அதனைப் பதிப்பித்து ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நாட்குறிப்புகளுள் ஒன்று என அது போற்றப்படுகிறது.

அதில் என்ன இருக்கிறது? இன்னார் இன்ன நாளில் இறந்தார் என்ற செய்தி, நகரில் எழுந்த பூசல்கள், மார்க்க அறிஞர்களிடையே நிகழ்ந்த விவாதங்கள், தாம் கண்ட கனவுகள், பிறர் தம்மிடம் சொன்ன கனவுகள், அவற்றிற்கான விளக்கங்கள். அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் எளிய நடையில் குறித்து வைத்தார். ஆயினும் அன்றைய பகுதாதின் வாழ்வை அறிய விழையும் வரலாற்று ஆசிரியர்களுக்கு இன்று அது ஒரு கருவூலம். சிறு குறிப்பு என்று நாம் எண்ணுவது நம் காலத்திற்குப் பின்னும் வாழக்கூடும். எழுதுகிறவன் மறைகிறான், எழுத்து நிற்கிறது. இதனை முதலில் நெஞ்சில் இருத்திக் கொள்ளுங்கள்.

எண்ணங்களை வேட்டையாடியவர்

அவர்களுக்கு நூறாண்டுகளுக்குப் பின்னர் அதே நகரில் வாழ்ந்தவர் இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பின்னர் பகுதாதின் புகழ்பெற்ற சொற்பொழிவாளராக உயர்ந்தவர். விரிவுரை, வரலாறு, ஹதீஸ், அறிவுரை எனப் பல துறைகளில் எண்ணற்ற நூல்களை யாத்தவர். அவர்களுடைய நூல்களுள் ஸைதுல் காத்திர் என்பது தனித்தன்மை வாய்ந்தது. 'எண்ணத்தை வேட்டையாடுதல்' என்பது அப்பெயரின் பொருள்.

மனத்திலே எண்ணங்கள் தோன்றுகின்றன. பிடித்து வைக்காவிட்டால் ஓடி மறைந்து விடுகின்றன. ஆதலால் அவற்றை எழுத்தால் கட்டிப் போட விரும்பினேன் என்னும் கருத்தை அந்நூலின் முன்னுரையிலே இமாமவர்கள் கூறுகிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு சிறு பகுதிகளைக் கொண்ட நூல் அது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கத்திலே நேரத்தின் அருமை; மறு பக்கத்திலே செல்வத்தின் சோதனை; அடுத்து, ஏற்கப்படாத துஆவைக் குறித்து உள்ளத்தில் எழும் போராட்டம். காய்ந்த ரொட்டியை எடுத்துக் கொண்டு ஈஸா கால்வாய்க் கரைக்குச் சென்று, தண்ணீரோடு சேர்த்து விழுங்கிக் கல்வி தேடிய தம் இளமை நாள்களையும் அதிலே நினைவுகூர்கிறார்கள்.

வாயால் கற்பிப்பதைவிட நூலால் விளையும் பயன் மிகுதி என்றும் அவர்கள் கருதினார்கள். வாயால் கற்பிப்பவன் தன் காலத்து மாணவர் சிலரையே அடைகிறான். எழுதுகிறவனோ இன்னும் பிறவாதவர்களையும் அடைகிறான். ஆனால் எழுத முற்படும் எவரும் உடனே எழுதிவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் நிறையக் கற்க வேண்டும். அறிவு முதிர்ந்த நடுவயதிலே எழுத வேண்டும் என்பது அவர்களுடைய அறிவுரை. இருபதினாயிரம் ஏடுகளுக்கு மேல் படித்த பின்னரும் தாம் இன்னும் தேடிக் கொண்டிருப்பதாக எழுதியவர் அவர்கள். ஒரு தலைப்பைக் கண்டதும், உள்ளே இருப்பதைப் படிக்காமலேயே கருத்துரைக்க விரையும் நம் கைகளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

கூட்டத்தின் முன் ஓர் அச்சம்

அவர்களுடைய அவைகளிலே ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். ஒருநாள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்தனர். உருகாத உள்ளமோ கசியாத கண்ணோ அங்கே இல்லை. நம்மில் ஒருவர் அத்தகைய கூட்டத்தைக் கண்டிருந்தால் என்ன எண்ணியிருப்பார்? இமாமவர்கள் எண்ணியது வேறு. இவர்களெல்லாம் ஈடேறி, நீ மட்டும் அழிந்து போனால் உன் நிலை என்ன என்று தம் உள்ளத்தையே கேட்டுக் கொண்டார்கள். இறைவா! நாளை என்னைத் தண்டிப்பதாக நீ முடிவு செய்தால் இவர்களுக்கு அதனைத் தெரிவித்து விடாதே. உன்பால் வழிகாட்டியவனையே நீ தண்டித்துவிட்டாய் என்று இவர்கள் சொல்லிவிடக் கூடாது என்னும் கருத்தில் அவர்கள் இறைஞ்சியதை ஸைதுல் காத்திரிலேயே காண்கிறோம்.

அன்புச் சகோதரர்களே! இன்று எழுதுவோரின் கண் எங்கே நிற்கிறது? எத்தனை பேர் படித்தார்கள்? எத்தனை பேர் பாராட்டினார்கள்? எண்ணிக்கை உயர்ந்தால் உவகை, குறைந்தால் துயரம். யாரும் படிக்கவில்லை என்றால் நல்லதை எழுதுவதையே நிறுத்தி விடுகிறோம். பலர் படிப்பார்கள் என்றால் தீயதையும் எழுதத் துணிகிறோம். செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவையே என்னும் நபிமொழியை நாவால் ஓதுகிறோம், விரலால் மறுக்கிறோம். தீர்ப்பு நாளிலே முதன்முதல் விசாரிக்கப்படுவோருள், அறிஞன் என்று மக்கள் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கற்றுக் கற்பித்தவனும் ஒருவன் என்பதை ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. அவன் விரும்பிய புகழ் அவனுக்கு உலகிலேயே கிடைத்துவிட்டது. மறுமையில் கேட்பதற்கு எதுவும் மீதமில்லை.

அப்படியானால் முகத்துதிக்கு அஞ்சி எழுதுவதையே விட்டுவிடலாமா? இதற்கு விடை ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்விலே இருக்கிறது. பகுதாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் தலைமை ஆசானாக வீற்றிருந்த அவர்கள், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மையே கேட்டுக் கொண்டார்கள். ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல், ஏறத்தாழ ஆறு மாதங்கள் அப்போராட்டம் நீடித்தது. பாடம் சொல்ல முடியாதவாறு நாவும் கட்டுண்டது. இறுதியில் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். ஆனால் எழுதுகோலைத் துறந்துவிடவில்லை. ஆண்டுகள் பல கழிந்தபின் ஹிஜ்ரி 499இல் நைஸாப்பூரில் மீண்டும் கற்பிக்க அமர்ந்தார்கள். முன்னர் புகழைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன். இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்னும் கருத்தைத் தம் அல்முன்கிதில் பதிவு செய்துள்ளார்கள். ஆக, பணி ஒன்றே, எண்ணமே மாறிற்று. நோய் கண்ட உறுப்பை மருந்திட்டுக் காக்க வேண்டுமேயன்றி வெட்டி எறிதல் முறையன்று.

இறைவன் இட்ட திரை

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் கவனியுங்கள். தன் வாழ்வை எழுதுகிறவன் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நவின்றதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஒரு ஹதீஸ் வருகிறது. தம் பாவத்தைத் தாமே பறைசாற்றுவோரைத் தவிர இச்சமுதாயத்தார் அனைவரும் மன்னிப்புக்குரியவர் என்றும், இரவிலே ஒருவன் செய்த குற்றத்தை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் அவனே அதனைப் பிறரிடம் சொல்லித் திரிவது பறைசாற்றுதலைச் சேர்ந்தது என்றும் பெருமானார் எச்சரித்தார்கள். இறைவன் கருணையோடு இட்ட திரையை மனிதன் தன் கையாலேயே கிழிக்கிறான்!

இமாம்கள் தங்கள் உள்ளத்தின் குறைகளை எழுதவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எழுதினார்கள். ஆனால் மருத்துவர் நோயைப் பற்றிப் பேசுவதுபோல், நஃப்ஸின் சூழ்ச்சிகளை வெளிப்படுத்திப் பிறரைக் காப்பதற்காக எழுதினார்கள். குற்றத்தைச் சுவைபடச் சொல்லிப் பொழுதுபோக்குவதற்காக எழுதவில்லை. இரண்டுக்கும் உள்ள தொலைவு, மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள தொலைவாகும்.

தன் குற்றத்தையே மறைக்க வேண்டும் என்றால், பிறர் குற்றத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எழுதுகிறவனுடைய வாழ்வு அவனுக்கு மட்டும் உரியதன்று. அவன் கதையில் மனைவி இருக்கிறாள்; மாமியார் இருக்கிறார்; உடன்பிறந்தாரும் அண்டை வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டா எழுதுகிறோம்? கணவன் மனைவியரின் அந்தரங்கத்தை வெளியிடுபவனை, மறுமையில் மிகக் கெட்ட நிலையில் இருப்போருள் ஒருவனாகப் பெருமானார் குறிப்பிட்டார்கள். புறம்பேசுதலை, இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்குத் திருமறை ஒப்பிடுகிறது. நாவால் பேசிய புறம் நான்கு சுவருக்குள் அடங்கக்கூடும். எழுதி வெளியிட்ட புறமோ ஊர் கடந்து, கடல் கடந்து, எழுதியவன் மண்ணறைக்குச் சென்ற பின்னரும் உலவிக் கொண்டிருக்கும்.

கேட்டதையெல்லாம் எழுதுவதும் இவ்வகையினதே. தன் காதில் விழுந்ததையெல்லாம் அறிவித்துக் கொண்டிருப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதுமானது என்னும் பொருளில் அமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு ஹதீஸை அறிவித்தவர் யார், அவர் நம்பிக்கைக்குரியவரா, அவர் யாரிடம் கேட்டார் என்று ஆராய்ந்து பழகிய சமுதாயம் நாம். அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகள் யார் எழுதியது என்றே தெரியாத செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பி வைத்துவிட்டு உறங்கச் செல்வது எத்துணை வேதனை!

வானவர் எழுதும் ஏடு

நாம் ஓர் ஏட்டை எழுதிக் கொண்டிருக்கும்போதே, நம்மைப் பற்றி மற்றோர் ஏடு எழுதப்பட்டுக் கொண்டிருக்கிறது. கிராமன் காத்திபீன் என்னும் கண்ணியமிக்க எழுத்தாளர்கள் நம் செயல்களைப் பதிகிறார்கள். நம் ஏட்டிலே பிடிக்காததை நாம் அழித்துவிடலாம், திருத்திவிடலாம், புனைபெயரிலே மறைந்து கொள்ளலாம். அவர்கள் ஏட்டிலே புனைபெயர் இல்லை. உண்மையான தவ்பா ஒன்றினால் இறைவன் மன்னித்தாலன்றி அங்கே எதுவும் அழியாது. மறுமையில் அந்த ஏடு விரித்து வைக்கப்பட்டு, உன் ஏட்டை நீயே படித்துப் பார் என்று மனிதனிடம் கூறப்படும் என பதினேழாம் அத்தியாயம் அறிவிக்கிறது.

ஆகவே, நேயர்களே! எழுதுங்கள், பிள்ளைகள் எழுதினால் தடுக்காதீர்கள். ஆனால் எழுதியதை வெளியிடும் முன் ஒரு நொடி நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள். இது உண்மையா? இதனால் எவருடைய மானமேனும் குலைகிறதா? ஒருவருமே படிக்காவிட்டாலும் இதனை நான் எழுதுவேனா? இம்மூன்றிலும் தேறிய எழுத்து, மனிதன் மறைந்த பின்னரும் அவனுக்கு நன்மை சேர்க்கும் பயனுள்ள கல்வியாக அமையலாம்.

இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் ஹதீஸ் எழுதுவதற்காகச் சீவிய பேனாக்களின் சீவல்களைச் சேமித்து வைத்தார்கள் என்றும், தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றைக் கொண்டே சூடாக்குமாறு சொல்லிச் சென்றார்கள் என்றும், நீரைச் சூடாக்கிய பின்னரும் சீவல்கள் மிஞ்சின என்றும் கூறப்படுவதாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் (ரஹ்) எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 597ஆம் ஆண்டின் ரமலான் மாதத்திலே அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். நாம் எழுதியவற்றுள் நம் கடைசிக் குளிப்பிற்குத் துணை வரத் தக்கது எது என்று ஒவ்வொருவரும் இந்த ஜும்ஆ நாளிலே எண்ணிப் பார்ப்போமாக!

நம் எழுத்துக்களில் இக்லாஸையும், நம் குறைகள் மீது திரையையும், நம் ஏட்டை வலக்கரத்தில் பெறும் பேற்றையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.