நடக்க வழி வந்தது, மிதிக்க?

சென்னை பாண்டி பஜாரில் இன்று ஒரு பாட்டி அவசரமில்லாமல் நடக்கலாம். கால் வலித்தால் உட்கார இருக்கையும் உண்டு. 2019 நவம்பரில் தெரு மாறுவதற்கு முன்பு அங்கே துணி எடுக்கப் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்போது சாலையின் இருபுறமும் கார்கள் நிற்கும். நிற்கும் காருக்கும் ஓடும் பஸ்ஸுக்கும் நடுவில், பைகளை மார்போடு அணைத்தபடி ஒருக்களித்துப் போக வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவிட்டு மாநகராட்சி செய்த முக்கியமான வேலை ஒன்றுதான்: வண்டி நிற்க விட்டிருந்த இடத்தைப் பிடுங்கி, நடப்பவர்களிடம் கொடுத்தது. ‘பார்க்கிங் போனால் வியாபாரமும் போகும்’ என்ற பயம் எழாமல் இல்லை. இன்று பண்டிகைக் காலத்தில் அங்கே போய்ப் பாருங்கள், கூட்டம் குறைந்திருக்கிறதா என்று.

சாலையைக் குறுக்கினால் நெரிசல் கூடாதா? சொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் வாய் அளவுக்குத்தான் தண்ணீர் வரும். ஓர் இடத்தில் மூன்று வண்டி போகும் அகலம், அடுத்த இடத்தில் இரண்டே வண்டிக்கு இடம் என்றால், அந்த இரண்டுதான் சாலையின் உண்மையான அகலம். மீதி இடத்தால் ஓட்டுபவருக்கு லாபமில்லை. முந்துவதற்கான ஆசை மட்டும் வரும். சீரான, அளவான அகலத்தில் வேகம் தானே அடங்கும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதெல்லாம் நடப்பவர்கள் கதை. சைக்கிள்காரர்?

2014-ல் மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநகராட்சி சென்னை. இந்தியாவிலேயே அதுதான் முதல். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதினார்கள். ஆனால் அந்தக் கொள்கையின் காட்சிப்பொருளான பாண்டி பஜாரிலேயே சைக்கிளுக்குத் தனித் தடம் கிடையாது. பால் பாக்கெட் போடுபவரும், டீ கேன் கட்டிப் போகிறவரும், இரவு வேலை முடிந்த வாட்ச்மேனும் கார்களோடு சேர்ந்தேதான் மிதிக்கிறார்கள். இவர்கள் யாரும் மனு எழுதிக்கொண்டு வருவதில்லை என்பதாலோ என்னவோ, திட்டம் போடுகிறவர்கள் சைக்கிள் என்றதும் ஹெல்மெட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமைக் குழுவை மட்டும் நினைக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் அரசு பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. சைக்கிள் கொடுத்த கை, அதை ஓட்ட வழி கொடுக்கவில்லை. சென்னையின் பிரதான சாலைகளில் எத்தனை பெற்றோர் பதினாறு வயதுப் பெண்ணை அதில் தைரியமாக அனுப்புவார்கள்?

நெதர்லாந்தும் ஒரு காலத்தில் காருக்குத்தான் வழிவிட்டது. 1971-ல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். நானூறுக்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். இன்றுள்ள சைக்கிள் தடங்களுக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

தடம் என்றால் சாலை ஓரத்தில் இழுத்த வெள்ளைக்கோடு அல்ல. நம் ஊரில் அந்தக் கோடு சாயங்காலத்துக்குள் பைக் நிறுத்துமிடம் ஆகிவிடும். இரண்டு மீட்டர் அகலம், ஓடும் வண்டிகளைப் பிரிக்கும் கல் விளிம்பு, சந்திப்புகளில் வண்டிகள் வேகம் குறைத்தே திரும்பும்படி ஒடுக்கிய முனை: இவை இருந்தால்தான் அது தடம்.

தடம் போட வேண்டிய பெரிய சாலைகளை மாநகராட்சி பார்க்கட்டும். நடைபாதையை நீங்களும் கவனிக்கலாம். உங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுகிறார்களா? அந்த வடிகாலின் மூடிதான் பல தெருக்களில் நடைபாதை. அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, நடக்கும் இடம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த விதி. கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே டேப்போடு போய் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.