வேர் கீழ்நோக்கிச் செல்வது எவ்வாறு?

போஞ்சி விதையை எப்பக்கமாக ஊன்றினும் அதன் வேர் மண்ணுள்ளேயே இறங்கும். வெலிமடையின் செங்குத்தான சரிவிலும் முதல் வேர் சரிவைப் பின்பற்றாது நேர்கீழாகவே செல்லும். ஈரத்தை நாடியே வேர் இறங்குகிறது எனப் பலர் எண்ணுவர். ஈரமும் ஓரளவு இழுக்கும். ஆயினும் முதற்காரணம் புவியீர்ப்பாகும். இங்கிலாந்தில் 1806 ஆம் ஆண்டில் நைற் என்பவர் சுழலும் சக்கரத்தில் விதைகளை முளைக்கவைத்து இதனை ஆராய்ந்தார்.

வேர்நுனியைக் காக்கும் வேர்மூடியின் கலங்களில் நுண்ணிய மாப்பொருள் மணிகள் உள்ளன. வேர் சாய்ந்தால், சாய்த்த போத்தலில் மணல் சரிவதுபோல அவை தாழ்ந்த பக்கத்திற் படியும். அதன் பயனாக ஒக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் அப்பக்கத்தில் மிகுந்து, வேரின் நீட்சியைத் தடுக்கும். மேற்பக்கம் மட்டும் விரைந்து நீள்வதால் வேர் கீழே வளைகிறது. நுனிக்குச் சற்றுப் பின்னுள்ள இளம்பகுதியே இவ்வாறு வளையவல்லது. முதிர்ந்த பகுதி மடிந்தால் மடிந்தபடியே நிற்கும்.

ஆதலால் கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஆழமற்ற குழியில் வேர் மடிய நடுதல் தவறு. நுனி பின்னர் கீழே திரும்பினாலும் மடிப்பு நிமிராது. கச்சான் வீசும் வரட்சிக் காலத்தில் அச்செடி எளிதில் வாடக்கூடும்.

கரட்டை நாற்றாகப் பிடுங்கி நடவே கூடாது. நுனி அறுந்தால் கிழங்கு கவர்விடும்; அதனைப் பதுளைச் சந்தையில் நல்ல விலைக்கு விற்றல் அரிது. லயத்துத் தோட்டமாயினும் பெருநிலமாயினும், கல்லும் கட்டியும் அகற்றிய பாத்தியில் விதையை நேரே தூவி, நெருக்கமாக முளைத்தவற்றைக் களைக. களைந்த நாற்றை வெற்றிடத்தில் நடுவது வீண்வேலை.

நெல்வேர் இறங்கும் கோணத்தை ஆளும் பரம்பரையலகு ஒன்றை 2013 இல் யப்பானிய ஆய்வாளர் விளக்கினர். அதனைப் பெற்ற நெல் ஆழ வேரூன்றி, வரட்சியிலும் கூடுதலான விளைவைத் தந்தது.