பனியைத் தள்ளும் குட்டி டிராக்டர்!

காலையில் கதவைத் திறக்கிறார்கள். வாசலைக் காணோம்!

வேலி இல்லை. பாதை இல்லை. நேற்று மாலை நிறுத்திய கார், வெள்ளைப் போர்வை போர்த்திய மேடாகக் கிடக்கிறது. இரவோடு இரவாகப் பனி கொட்டிவிட்டது.

அமெரிக்காவின் வடக்கே, நியூயார்க் மாநிலத்தில் பபலோ என்ற நகரம் இருக்கிறது. ஈரி என்னும் பெரிய ஏரியின் கரை அது. குளிர்காலம் தொடங்கும்போது ஏரித் தண்ணீர் காற்றைப் போல அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடுவதில்லை. கடுங்குளிர் காற்று அதன் மேல் வீசும். ஏரியின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். 2014 நவம்பரில் அந்த வட்டாரத்தின் சில ஊர்களில் ஒரு வாரத்துக்குள் 5 அடிக்கு மேல் பனி விழுந்தது. கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம்!

இது நம் ஊர் மார்கழிப் பனி அல்ல. வெயில் ஏறியதும் மறைந்துவிடாது. பஞ்சு போல விழும். விழுந்தது விழுந்தபடி கிடக்கும். மேலும் மேலும் விழுந்து இறுகிப் பாறையாகும். அப்புறப்படுத்தினால்தான் வழி.

யார் அப்புறப்படுத்துவது?

ஊர்ச் சாலையில் கிடக்கும் பனியை அரசாங்க லாரிகள் தள்ளிவிடும். சாலையிலிருந்து வீடு வரை உள்ள பாதை வீட்டுக்காரர் பாடு. அதுமட்டுமா? லாரி தள்ளிய பனியெல்லாம் அவர் பாதையின் வாயில் சுவர் போலக் குவிந்து நிற்கும். அதையும் அவரே அகற்ற வேண்டும்!

வழி திறக்காவிட்டால் ஆம்புலன்ஸ் வராது. தீயணைப்பு வண்டி வராது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் லாரியும் வராது. 2022 டிசம்பரில் வீசிய பனிப்புயலில் பபலோ வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். உதவி கேட்டு அழைத்தவர்களிடம் ஆம்புலன்ஸ் போய்ச் சேர முடியவில்லை.

அப்படிப்பட்ட புயலைச் சின்ன டிராக்டரால் வெல்ல முடியாது. ஆனால் குளிர்காலம் முழுவதும் ஓயாமல் விழுகிற சாதாரணப் பனி இருக்கிறதே, அதற்கு டிராக்டர் போதும்.

கையால் வாரிக் கொட்டினால் என்ன என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதை 30 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். பனி ஒரு முழத்துக்கும் குறைவு, 30 சென்டிமீட்டர்தான். புதிதாக விழுந்த லேசான பனி, ஒரு கன மீட்டர் 100 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,700 கிலோ! ஈரப் பனியாக இருந்தால் இதைப் போல மூன்று மடங்கு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் இவ்வளவையும் வாரினால் இதயம் தாங்குமா? பனி வாரும்போது மாரடைப்பால் விழுந்து இறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். வயதானவர்கள் மண்வாரியைத் தொட வேண்டாம் என்று டாக்டர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

கரடிக்குட்டி

இந்த இடத்தில்தான் தாத்தா காலத்து டிராக்டர் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறது.

பல குடும்பங்களில் அது ஒரு சிவப்பு டிராக்டர். பெயர் 'ஃபார்மால் கப்'. கப் என்றால் கரடி, சிங்கம் முதலியவற்றின் குட்டி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி இதை 1947-ல் சிறு விவசாயிகளுக்காகக் கொண்டுவந்தது. சக்தி சுமார் 10 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. முன்னே போக மூன்று கியர், பின்னே வர ஒன்று. அவ்வளவுதான்! அந்தக் கம்பெனியின் விவசாயப் பிரிவு 1985-ல் கைமாறிப் போயிற்று. குட்டி மட்டும் சாகவில்லை. இன்றும் உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் வீட்டிலேயே பிரித்து மாட்டிவிடுவார்.

இதில் ஒரு வசதி. எஞ்சின் இடப்பக்கம் ஒதுங்கி இருக்கும். ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவார். எஞ்சின் கண்ணை மறைக்காது. செடிகளுக்கு நடுவே களை பறிக்கச் செய்த ஏற்பாடு இது. பனியிலும் பாதையின் ஓரம் தெரிய உதவுகிறது.

டிராக்டரின் முன்னால் இரும்புப் பலகை ஒன்றை மாட்டுகிறார்கள். சுமார் நாலரை அடி அகலம். உள்பக்கமாக வளைந்திருக்கும். அந்த நாட்டில் இதையும் கலப்பை என்றேதான் சொல்கிறார்கள். நிலத்தை உழுவதும் 'உழவு', பனியைத் தள்ளுவதும் 'உழவு'!

பலகையை நேராக வைத்தால் பனி முன்னால் குவிந்து வண்டியை நிறுத்திவிடும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் சுருண்டு சுருண்டு ஓரமாக ஒதுங்கும். ஆனால் அதிகமாகச் சாய்த்தால் டிராக்டரின் மூக்கு மறுபக்கம் இழுபடும்.

சரளைக்கல் பாதையாக இருந்தால் பலகை தரையை உரசக் கூடாது. கல்லெல்லாம் பனியோடு சேர்ந்து தோட்டத்துக்குப் போய்விடும்! அதனால் பலகையின் அடியில் சிறிய சறுக்குக் கால்கள் மாட்டி, விரல் பருமன் உயர்த்தி வைப்பார்கள். முதலில் விழும் பனியில் மெல்லிய படலத்தை விட்டுவிடுவதும் உண்டு. அது உறைந்து கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பலம் எங்கே இருக்கிறது?

பலகை மாட்டியாயிற்று. எஞ்சினும் ஓடுகிறது. வண்டி நகர்கிறதா? அதுதான் இல்லை! பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது.

புதிதாக வாங்குபவர்கள் எஞ்சின் பலம் போதவில்லை என்று நினைப்பார்கள். எஞ்சின் மேல் குற்றமில்லை. சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. பனிக்கட்டியின் மேல் ரப்பர் வழுக்கும். முன்னால் கனமான பலகை தொங்குவதால் இன்னொரு கெடுதல். ஏற்றத்தில் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும்பும் அல்லவா? அதுபோல முன்னே பாரம் இறங்கினால் பின்னே பாரம் குறையும்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று சங்கிலி, மற்றொன்று பாரம்.

சங்கிலியை ஏணி போலப் பின்னி, பின் டயர்களைச் சுற்றிக் கட்டுவார்கள். அதன் குறுக்குக் கண்ணிகள் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். கட்டிய பிறகு கொஞ்சதூரம் ஓட்டி, மறுபடியும் இறுக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் மட்கார்டைக் கிழித்துவிடும்.

பாரத்துக்கு, வார்ப்பிரும்பு வட்டுகளைப் பின்சக்கரத்தோடு போல்ட் போட்டு முடுக்குவார்கள். பின்னால் கான்கிரீட் கட்டி ஒன்றைத் தொங்கவிடுவோரும் உண்டு. டயருக்குள் திரவம் நிரப்புவது இன்னொரு முறை. வெறும் தண்ணீர் உதவாது, உறைந்துவிடும். முன்பெல்லாம் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். அது எளிதில் உறையாது. ஆனால் கசிந்தால் சக்கரத்தின் இரும்பை அரித்துத் தின்றுவிடும். ஆகையால் இப்போது பலர் என்ன ஊற்றுகிறார்கள் தெரியுமா? சர்க்கரை எடுக்கும் பீட்கிழங்கின் சாறு! கனமும் உண்டு, துருவும் இல்லை.

கிழட்டு எஞ்சினை எழுப்புவது

கடுங்குளிரில் எஞ்சின் எண்ணெய் நெய் போலத் திரண்டுவிடும். எனவே குளிர்காலத்துக்கென்று இளக்கமான எண்ணெய் மாற்ற வேண்டும். பழைய கப் டிராக்டர்களில் 6 வோல்ட் பேட்டரிதான். குளிர் பட்டால் அதன் பலம் சுருங்கும். கம்பிகள் பருமனாக இருக்க வேண்டும், முனைகள் சுத்தமாக இருக்க வேண்டும். சிலர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ரேடியேட்டரில் உறையாத் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை அது தாங்கும். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் இரும்பு எஞ்சினே பிளந்துபோகும். ஆனால் இந்தத் திரவம் விஷம். குடித்தால் தித்திக்கும். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வதானால் கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டும் விரலும் முறியும்.

ஸ்டார்ட் ஆனதும் டிராக்டரைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். குளிருக்குப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றுவது தற்கொலைக்குச் சமம். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. தலைசுற்றல் வருவதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார்.

ஓட்டுபவருக்குக் கண்ணாடி அறை கிடையாது. எஞ்சினைச் சுற்றிக் கித்தான் துணி கட்டி, அதன் சூட்டை முழங்காலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல யோசனை!

மெதுவாகப் போ!

பனி விழுமுன்பே பாதையின் இரு ஓரமும் கழிகள் நட்டு வைப்பது கெட்டிக்காரத்தனம். கல், குழாய் மூடி, பூச்செடி எதுவும் பனிக்குள் தெரியாது. பலகை கல்லில் மோதினால் வண்டி சட்டென்று நிற்கும், ஆள் முன்னே பாய்வார். சில பலகைகளில் ஸ்பிரிங் இருக்கும், மோதியதும் மடங்கிக்கொடுக்கும். அது இல்லாத பழைய பலகை என்றால் முதல் கியரைத் தாண்டவே கூடாது.

இடது சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று இரண்டு மிதிகள் இருக்கும். வயலில் திரும்புவதற்கு அது வசதி. பனியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் வண்டி பம்பரமாகச் சுற்றும். சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் கம்பி 1947 டிராக்டரில் கிடையாது. குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். பின்னே வரும்போது ஓட்டுபவர் கண்ணுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள்.

முதல் பனியையே பாதைக்கு வெளியே நன்றாகத் தள்ளி ஒதுக்க வேண்டும். டிசம்பரில் சோம்பல்பட்டு ஓரத்திலேயே குவித்தவர், பிப்ரவரியில் தள்ள இடமில்லாமல் திண்டாடுவார். குவியல் அதற்குள் கல்லாகியிருக்கும். சாலையின் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாமா? பல ஊர்களில் அது சட்டப்படி குற்றம்.

வேலை முடிந்ததும் பலகையைத் தூக்கியபடியே விட்டுவிடக் கூடாது. கீழே இறக்கிவிட வேண்டும், ஆனால் வெறும் தரையில் அல்ல. அடியில் ஒரு மரத்துண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் இரும்பு தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். விடிந்ததும் டிராக்டரை நகர்த்தக் கோடாலி தேட வேண்டியதுதான்!