ஊபா கரும்பின் கோபம்

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னைப் பக்கம் போனால், சாலையோரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும். 1751-ல் இந்த வாலிகண்டபுரம் வட்டாரத்தில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கிலப் படை திருச்சியை நோக்கிப் பின்வாங்கியது. அன்று பிரெஞ்சுக் கப்பற்படைக்குத் தளமாக இருந்தது மொரீஷியஸ். 1746-ல் சென்னையைப் பிடித்த லாபூர்தொனே அந்தத் தீவின் ஆளுநர். புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அங்கே வரவழைத்தவரும், கரும்புத் தொழிலுக்கு ஊக்கம் தந்தவரும் அவரே.

கரும்பை ஜாவாவிலிருந்து கொண்டுபோய் நட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1710-ல் தீவையே கைவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1810-ல் பிரிட்டன் அதைப் பறித்தது. 1835-ல் அடிமை முறை ஒழிந்தபோது நஷ்டஈடு கிடைத்தது யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் தோட்டங்களை விட்டு விலக, ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் நாலரை லட்சம் இந்தியர் வந்திறங்கினார்கள். பெரும்பாலோர் பீகார்ப் பக்கத்தவர். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களில் திருச்சி மாவட்டத்தாரும் உண்டு. பெரம்பலூரும் உடையார்பாளையமும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

கூலிகளின் பிள்ளைகள் மெல்ல மெல்லத் துண்டு நிலம் வாங்கிச் சிறு விவசாயிகள் ஆனார்கள். அவர்கள் விரும்பிப் பயிரிட்டது ஊபா ரகம். எந்த மண்ணிலும் வரும். ஆனால் நார் அதிகம், சர்க்கரை குறைவு. 1937-ல் ஆலைகள் அதன் விலையில் 15 சதவீதத்தை வெட்டின. எடை போடுவது ஆலை, தரம் சொல்வது ஆலை, விலை வைப்பதும் ஆலை. எறையூர் ஆலைக்கோ சாத்தமங்கலம் ஆலைக்கோ கரும்பு ஏற்றிவிட்டு, ரெக்கவரி (கரும்பில் கிடைத்த சர்க்கரையின் விகிதம்) எவ்வளவு, பணம் எப்போது என்று விசாரித்து நிற்கும் நம்மூர் விவசாயிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த விலை வெட்டை எதிர்த்து மொரீஷியஸின் ஃபிளாக் பகுதியில் கலவரம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே தொழிலாளர் கட்சி பிறந்திருந்தது.

1943-ல் பெல்வூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் நால்வர்: கர்ப்பிணியான அஞ்சலை கூப்பன், கிருஷ்ணசாமி முனிசாமி, முனிசாமி முனியன், மருதை பனப்பன். மருதையாறு ஓடும் நம் மாவட்டங்களில் இந்தப் பெயர்களை அந்நியம் என்று யார் சொல்வார்?

அடுத்து வந்த மாற்றம், என் கணிப்பில், கலவரங்களைவிடப் பெரியது. 1947 அரசியலமைப்பு, தீவில் வழங்கும் ஏதாவதொரு மொழியில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு கொடுத்தது. தமிழில் எழுதத் தெரிந்தால் போதும், வாக்காளர் ஆகலாம். மறு ஆண்டுத் தேர்தலிலேயே சர்க்கரை முதலாளிகளின் பிடி தளர்ந்தது. ஆனாலும் 1967 தேர்தலில் சுதந்திரத்தை ஆதரித்த அணிக்குச் சுமார் 56 சதவீத வாக்குதான். பெரும்பான்மை இந்துக்களின் ஆட்சி வந்துவிடும் என்ற அச்சம் மற்றவர்களிடம் இருந்தது. 1968 மார்ச் 12-ல் சிவசாகர் ராம்கூலம் தலைமையில் நாடு விடுதலை பெற்றது.

1975 முதல் ஐரோப்பா நல்ல விலைக்குச் சர்க்கரை வாங்கியது. 2006-க்குப் பின் அந்த விலையில் 36 சதவீதம் குறைந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கடைசியில் மூன்றுதான் மிஞ்சின. அவற்றில் ஒன்று பெல்வூ.