இருட்டை அளக்கும் அவரை

ஐப்பசி பிறந்ததும் ஓமலூர் வட்டாரத்தில் வேலியிலும் கொட்டகைக் கூரையிலும் படர்ந்து கிடக்கும் அவரைக்கொடி பூவெடுக்கும். கார்த்திகையில் பிஞ்சுக்காய்ப் பொரியல். மார்கழியில் முற்றிய கொட்டையைப் போட்டுக் குழம்பு, கூடவே ராகிக் களி. ஆடியில் ஊன்றிய விதைதான். அதுவரை இலையும் கொடியுமாகவே காலம் தள்ளியிருக்கும். பழைய கொடி அவரையைச் சித்திரையிலேயே ஊன்றித் தண்ணீர் விட்டாலும் கொடிதான் நீளும், காய் முந்தாது.

மழையும் குளிரும் வந்ததால் பூத்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கொடி கணக்கு வைப்பது இரவின் நீளத்தை. ஓமலூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 80 நிமிடம். லண்டனில் அது 8 மணி நேரத்தையும் தாண்டும். நமக்கு உறைக்காத அந்த 80 நிமிடத்துக்குள் ஏற்படும் மாற்றமே அவரைக்குப் போதுமானதாக இருக்கிறது.

பகல் நீளத்துக்கும் பூப்புக்கும் உள்ள தொடர்பை 1920-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் கார்னரும் அல்லார்டும். கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம் அவர்களை இதில் இழுத்துவிட்டது. 1938-இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியின் நீண்ட இரவை நடுவில் கொஞ்ச நேர வெளிச்சத்தால் கலைத்தார்கள், செடி பூக்கவில்லை. பகலில் இருட்டைப் புகுத்தியதால் எதுவும் கெடவில்லை. ஆக, செடி அளப்பது இடைவிடாத இருட்டைத்தான். இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி வெளிச்சம் போனதை உணர்கிறது. செடிக்குள் ஓடும் நாள்-கடிகாரம் இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்க்கிறது. இரவு போதிய நீளம் ஆனதும், இலையில் உருவாகும் ஒரு புரதம் கொடியின் நுனிக்குச் சென்று பூமொட்டைத் தூண்டுகிறது. தெருவிளக்கை ஒட்டி நிற்கும் சோயா, வயலின் மற்ற பகுதி முற்றிய பிறகும் பச்சையாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

அடுப்படிக்கு வந்தாலும் வேடிக்கை தீரவில்லை. ஊதா அவரையை வேகவிட்டால் ஊதா நிறம் தண்ணீரில் கரைந்துபோய்ப் பச்சை மிஞ்சும். ஊதாவைத் தரும் ஆந்தோசயனின் நீரில் கரையும். பச்சையம் அப்படிக் கரையாது. காய் ஆய்ந்த கையில் பிசுபிசுப்பும் ஒரு நெடியும் ஒட்டிக்கொள்ளும். தோலின் மேல் சுரக்கும் எண்ணெய்ப்பசை அது. மொச்சை வாடை என்று மூக்கைப் பொத்துபவர்களும் உண்டு. பெங்களூர்க்காரர்களோ அந்த வாசத்தை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இதில் நான் பெங்களூர்க் கட்சி.

பச்சைக் கொட்டையை ஊறவைத்து விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு துள்ளி விழும். குழந்தைகளை உட்காரவைத்துப் பிதுக்கச் சொன்னால் வேலையும் ஆகும், பாதி பருப்பு தரையிலும் உருளும். தோலோடு துவர்ப்புத் தரும் டானின் கழிகிறது. காய்ந்த கொட்டைக்கு இன்னும் கவனம் வேண்டும்: சயனைடை வெளியிடக்கூடிய சேர்மங்களும், புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைக்கும் வழக்கம் இரண்டையும் பெருமளவு குறைத்துவிடுகிறது.

பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்கள் வந்தபின் சந்தையில் பங்குனியிலும் அவரைக்காய் கிடைக்கிறது. பொரியலுக்கு அது போதும். பிதுக்கிய பருப்புக் குழம்புக்கு மார்கழிக் கொட்டைதான் வேண்டும் என்பவர்கள் வேலியோரத்தில் இன்னும் ஆடியில்தான் விதை ஊன்றுகிறார்கள்.