பாதி வீடு, முழு வசிப்பிடம்

குடும்பத்துக்கு 7,500 டாலர். அந்த அரசு மானியத்துக்குள் நிலம் வாங்க வேண்டும், குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வர வேண்டும், வீடும் எழும்ப வேண்டும். சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இகீகே நகரில், கின்டா மொன்ராய் குடியிருப்பின் மக்களுக்கு வீடு கட்ட வந்த எலெமென்டல் கட்டடக்கலை நிறுவனத்தின் முன் இருந்த கணக்கு இதுதான்.

அரை ஹெக்டேர் நிலம். பட்டா இல்லாமல் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்த இடம். நகரின் நடுவே இருந்ததால் நில விலை, ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு. இப்படியான நேரத்தில் மக்களை ஊருக்கு வெளியே குடியேற்றுவதே அரசுகளின் வழக்கம். வீடு கிடைக்கும், வேலையும் பள்ளியும் அக்கம்பக்கத்து ஆதரவும் கைவிட்டுப் போகும். கட்டடக்கலைஞர் அலெஹான்ட்ரோ அரவேனா தலைமையிலான குழு அதை ஏற்கவில்லை. இருந்த இடத்திலேயே இருக்க விடுவதையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டது.

தனித்தனி வீடு என்றால் முப்பது குடும்பங்களுக்குத்தான் இடம். அடுக்குமாடியை மக்களே மறுத்துவிட்டார்கள்: பிள்ளைகள் வளர்ந்தால் ஓர் அறை கூட்டிக் கட்ட அதில் வழியில்லை. அந்த மறுப்பிலிருந்துதான் விடை பிறந்தது. கையிலிருக்கும் பணத்தில் சின்ன வீடொன்றை முடித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, நல்ல வீட்டில் பாதியைக் கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள்.

எந்தப் பாதி என்பதில்தான் இவர்களின் திறமை இருக்கிறது. ஒரு குடும்பம் தனியாகச் செய்துகொள்ளத் திணறும் வேலைகளை நிறுவனம் எடுத்துக்கொண்டது: கட்டடத்தின் தாங்கும் அமைப்பு, வீடுகளுக்கு இடையிலான தீத்தடுப்புச் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை. இவை அனைத்தும் பாதி வீட்டுக்கு அல்ல, பின்னாளில் சுமார் 70 சதுர மீட்டராக விரியப்போகும் முழு வீட்டுக்கு ஏற்ற அளவில் அமைந்தன. வீட்டுக்கு வீடு விடப்பட்ட வெற்றிடத்தைக் குடும்பங்கள் பணம் சேரச் சேர நிரப்பிக்கொண்டன. கீழே ஒரு வீடு, அதன்மேல் இன்னொரு வீடு. நடுவே சில குடும்பங்களுக்குப் பொதுவான முற்றம். 2004இல் 93 வீடுகள் தயாராயின.

மீதிச் சுமையை ஏழையின் தலையில் வைக்கிறார்களே என்ற விமர்சனம் உண்டு. அது நியாயமான கேள்வி. பொறுப்பைக் கைகழுவ நினைக்கும் அரசுக்கு இந்த முறை நல்ல சாக்காகவும் ஆகலாம். ஆனால் மானியம் கூடாத நிலையில், என்றைக்கும் சிறியதாகவே நிற்கும் வீட்டைவிட வளரக்கூடிய வீடே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2010 பிப்ரவரியில் 8.8 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் சிலியின் கான்ஸ்டிட்யூசியோன் நகரைச் சிதைத்தன. அதன் மறுகட்டுமானத் திட்டத்தை எலெமென்டல் மக்களோடு பேசிப்பேசி நூறு நாளில் தீட்டியது. கரையில் பெருஞ்சுவர் வேண்டாம், அலையின் வேகத்தைத் தணிக்கும் காடு வேண்டும் என்பது அதில் வந்த யோசனை. அதே நகரின் வில்லா வெர்டே குடியிருப்பில், 57 சதுர மீட்டரில் தொடங்கி 85 வரை வளரும் 484 வீடுகள் எழுந்தன. அங்கே கூரை முழு வீட்டுக்கும் போடப்பட்டது. அதன் கீழ்ப் பாதி காலியாக விடப்பட்டது.

2016இல் அரவேனாவுக்குக் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அதே ஆண்டு, வளரும் வீடுகளுக்கான நான்கு திட்டங்களின் வரைபடங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த நிறுவனம் பொதுவில் வைத்தது. உள்ளூர் விதிகளுக்கும் மண்ணுக்கும் ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டடக்கலை மாணவர்களும் வீட்டுவசதித் துறைப் பொறியாளர்களும் அந்த வரைபடங்களை ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும்.